கைக்கு அடக்கமான ரிவால்வர்: எந்த மாடல் என்பது கடைசிக் கேள்வி

அமெரிக்காவில் நம்மவர் ஒருவர் சுடப்பட்டார் என்று செய்தி வந்தால், வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு நாள் அனுதாபம் ஓடும். மூன்றாம் நாள் யாராவது ஒருத்தர் கேட்பார்: "சட்டைக்குள்ள மறைச்சு வச்சுக்கிற மாதிரி சின்னதா ஒரு ரிவால்வர் வாங்கலாம்னு இருக்கேன். எது நல்லது?" உடனே பத்துப் பேர் பத்து மாடலைச் சொல்வார்கள். அவரிடம் என்ன விசா இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை.

இந்தப் பயத்தைக் கேலி செய்ய நான் தயாரில்லை. 2017 பிப்ரவரியில் கான்சாஸ் மாநிலம் ஒலேத்தேயில், வேலை முடிந்து நண்பரோடு பாரில் உட்கார்ந்திருந்த இந்தியப் பொறியாளர் நிறவெறிக்குப் பலியானார். 2023 மே மாதம் நான் வசிக்கும் டல்லாஸ் பகுதியில், ஆலன் நகர அவுட்லெட் மாலில் 8 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் இந்தியாவிலிருந்து வந்த இளம் பொறியாளர். அந்த மாலுக்கு நம்ம ஊர்க் குடும்பங்கள் எத்தனையோ முறை போயிருக்கும். நம்ம பிள்ளைகள் பள்ளியில் தீயணைப்புப் பயிற்சி மாதிரியே துப்பாக்கிக்காரன் வந்தால் எப்படி ஒளிவது என்றும் பயிற்சி எடுக்கிறார்கள். ஆகவே பயம் நியாயம்தான்.

இன்னொரு பக்கம் சட்டமும் தளர்ந்திருக்கிறது. டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ள 21 வயது நிரம்பியவர், தனி உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். 2022 ஜூனில் புரூயென் வழக்கில் உச்ச நீதிமன்றம், வீட்டுக்கு வெளியேயும் ஆயுதம் எடுத்துச் செல்வது அரசியல் சாசன உரிமை என்று தீர்ப்பளித்தது. 2024-க்குள் 29 மாநிலங்கள் டெக்சாஸ் வழிக்கு வந்துவிட்டன. இதைப் படிக்கும் நம்மவர் பலர் "இங்க யாரு வேணா வாங்கலாம்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதல் கேள்வி: உங்கள் விசா என்ன?

மாநிலம் எவ்வளவு தளர்த்தினாலும் மத்திய சட்டம் அப்படியே இருக்கிறது. ஹெச்-1பி, ஹெச்-4, எஃப்-1, எல்-1, பி-2 என்று குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பதுதான் பொது விதி. சில விதிவிலக்குகள் உண்டு. ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது அதில் பிரபலமானது. "நூறு டாலர்ல வேட்டை லைசன்ஸ் எடுத்துடு மச்சி" என்று யூடியூப் பார்த்துவிட்டுச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் விசா நிலையைப் பணயம் வைக்கும் விஷயம் இது. வழக்கறிஞரிடம் காசு கொடுத்துக் கேட்காமல் இறங்காதீர்கள்.

இந்தத் தடை கடையில் வாங்குவதோடு முடியவில்லை, கையில் வைத்திருப்பதற்கும் பொருந்தும். ஆபீஸ் டீம் அவுட்டிங் என்று துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய், வாடகைத் துப்பாக்கியைக் கையில் பிடித்து, போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போடும் ஹெச்-1பி தம்பிகளை நானே பார்த்திருக்கிறேன். விதிவிலக்கு எதுவும் இல்லாதவர் கையில் அந்த வாடகைத் துப்பாக்கி இருப்பதும் சட்டப்படி "வைத்திருத்தல்"தான். 2022-ல் வந்த மத்திய சட்டத்துக்குப் பிறகு இதற்கான அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு சிறை.

"நீ கிரீன் கார்டுதானே, உன் பேர்ல எனக்கு ஒண்ணு வாங்கிக் குடு" என்பது அடுத்த ஆபத்து. தகுதியில்லாத நண்பருக்காக உங்கள் பெயரில் வாங்கிக் கொடுப்பதும் தனிக் குற்றம். அதற்கும் 15 ஆண்டு வரை போகலாம்.

கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் சட்டப்படி வாங்கலாம், டெக்சாஸில் எடுத்தும் செல்லலாம். பன்னிரண்டு வருடம் காத்திருந்து கிரீன் கார்டு வாங்கியவன் நான். ஆனால் எங்களுக்கு ஒரு கத்தி தலைக்கு மேலே தொங்குகிறது. துப்பாக்கியை வாங்குவது, வைத்திருப்பது, எடுத்துச் செல்வது தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால், கிரீன் கார்டு இருந்தாலும் நாடு கடத்த அது ஒரு காரணம். இதே தவறைச் செய்யும் பக்கத்து வீட்டு அமெரிக்கர் வக்கீல் வைத்து, அபராதம் கட்டி, அடுத்த வாரம் வேலைக்குப் போவார். நமக்கு அந்த வசதி இல்லை.

தவறு எங்கே நடக்கும்? லேப்டாப் பையில். 2023-ல் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் 6,737 துப்பாக்கிகள் சிக்கின. அவற்றில் 93 சதவீதம் தோட்டா நிரப்பியவை. பிடிபட்டவர்களிடம் கேட்டால் வரும் வழக்கமான பதில், "பையில் இருந்ததே மறந்துபோச்சு" என்பதுதான். சின்னது, லேசானது என்று வாங்கும் பொருள் மறந்துபோவதற்கும் வசதியானது. டெக்சாஸ் உரிமத்தை நியூ ஜெர்சி ஏற்காது. நியூயார்க்கும் கலிபோர்னியாவும் ஏற்காது. எடிசனில் மச்சான் வீட்டு வளைகாப்புக்குக் காரில் கிளம்பும்போது இதையும் யோசிக்க வேண்டும். டெக்சாஸுக்குள்ளேயே பள்ளி, நீதிமன்றம், வாக்குச்சாவடி, 51 சதவீதம் என்று சிவப்பு எழுத்தில் பலகை வைத்த மதுக்கூடம் எல்லாம் தடை. கோயிலும் அறிவிப்புக் கொடுத்துத் தடை செய்யலாம். நம்ம ஐடி கம்பெனிகள் பலவற்றின் பணியாளர் விதிகளிலும் அலுவலகக் கட்டடத்துக்குள் ஆயுதம் கூடாது என்றுதான் இருக்கும். காலையில் எழுந்தது முதல் இரவு வரை நம்மவர் போகும் இடங்களைக் கூட்டிப் பார்த்தால், அந்த ரிவால்வர் பெரும்பாலான நேரம் காரிலோ வீட்டிலோதான் கிடக்கும்.

இரண்டாவது கேள்வி: "ரிவால்வர் சிம்பிள்" என்பது உண்மையா?

புதிதாக வருபவர்களுக்குக் கடைகளில் சொல்லும் வார்த்தை இது. பாதி உண்மை. 1950-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டுவந்த 5 தோட்டா, .38 ஸ்பெஷல் வடிவம்தான் இன்றைக்கும் சின்ன ரிவால்வர்களுக்கு அச்சு. 2009-ல் வந்த ரூகர் எல்சிஆர் கூட அதே யோசனையின் நவீன வடிவம்தான். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி டிரிகரை இழுத்தால் போதும், அடுத்தது வரும். பிஸ்டல் மாதிரி மேல்பாகத்தைப் பின்னால் இழுக்கக் கைவலு தேவையில்லை. சுத்தி உள்ளே மூடியிருக்கும் மாடல் என்றால் துணியில் மாட்டாது. இயந்திரம் எளிமையானது என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் சுடுவது எளிதல்ல. கணக்குப் போட்டுப் பாருங்கள். இலகு ரக மாடல்களின் எடை சுமார் 400 கிராம். டிரிகரை இழுக்கத் தேவையான விசை சுமார் 5 கிலோ. தன் எடையைவிடப் பத்து மடங்குக்கு மேல் இழுக்கும்போது முனை ஆடாமல் இருக்க வேண்டும். குழல் 2 அங்குலத்துக்கும் குறைவு என்பதால், குறி பார்ப்பதில் வரும் சின்னப் பிசகும் பெரிதாகும். பத்தாம் வகுப்பு இயற்பியல்தான்: ஒரே தோட்டாவுக்குத் துப்பாக்கியின் எடையைப் பாதியாக்கினால் கையில் வாங்கும் உதையின் ஆற்றல் இரட்டிப்பாகும். "பவர் அதிகம்" என்று லேசான மாடலில் .357 மேக்னம் வாங்குபவர்கள் பலர் முதல் பெட்டித் தோட்டாவைக்கூட முடிப்பதில்லை. பயிற்சி நின்றுபோகும், துப்பாக்கி அலமாரிக்குப் போகும்.

2018-ல் சிக் பி365 வந்த பிறகு ரிவால்வரின் பழைய சாதகமும் குறைந்துவிட்டது. கிட்டத்தட்ட அதே அளவு, எடை 500 கிராம், தோட்டா பத்துக்கு மேல். இன்றைக்கும் சின்ன ரிவால்வருக்கு நியாயமான இடம் உண்டு. மேல்பாகத்தை இழுக்க முடியாதவர்களுக்கும், ஏற்கெனவே பழகியவர்களுக்கும் அது பொருந்தும். அப்படி வாங்குபவர் 700 கிராமுக்கு மேல் எடையுள்ள எஃகு மாடலில் .38 தோட்டா போட்டுப் பழகுவது நல்லது. டிரிகரை முழுக்க மூடும் உறை கட்டாயம். சாவி, சில்லறையோடு வெறும் பாக்கெட்டில் போடுவது தற்கொலைக்குச் சமம். மாதாமாதம் தோட்டாவுக்கும் ரேஞ்சுக்கும் பணமும் சனிக்கிழமையும் ஒதுக்க முடியாது என்றால் வாங்காதீர்கள். பழக்கமில்லாத கையில் இருக்கும் ஆயுதம் தைரியத்தை மட்டும் ஏற்றும், திறமையை ஏற்றாது.

மூன்றாவது கேள்வி: வீட்டில் யார் யார்?

2023-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் சுமார் 46,700 பேர். அதில் 27,000-க்கும் மேல் தற்கொலை. அதாவது ஐந்தில் மூன்று பங்குக்கு நெருக்கம். முன்பின் தெரியாதவனை நினைத்து வாங்குகிறோம். எண்ணிக்கை வீட்டுக்குள்ளே இருப்பவர்களைக் காட்டுகிறது. படிப்பு, மதிப்பெண், கல்லூரி என்று பிழியப்படும் பதினாறு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் இது வெறும் புள்ளிவிவரம் இல்லை. நம்ம சமூகம் மன அழுத்தத்தை வெளியே சொல்லாது என்பதும் நமக்குத் தெரியும். 988 என்ற உதவி எண் பிள்ளைகளுக்குத் தெரியுமா என்று இன்றைக்கே கேளுங்கள்.

ஊரிலிருந்து அம்மா அப்பா பி-2 விசாவில் வந்து ஆறு மாதம் தங்குவார்கள். நீங்கள் ஆபீஸ் போனதும் வீட்டுப் பொறுப்பு அவர்களிடம். பீரோ சாவியும் அவர்களிடம். துப்பாக்கி இருக்கும் வீட்டில் தங்குவதே குற்றம் ஆகாது. ஆனால் அது அவர்கள் கட்டுப்பாட்டில் இருந்தது என்ற கேள்வி எழும் நிலைமையை நாம் உண்டாக்கக் கூடாது. 17 வயதுக்குட்பட்ட பிள்ளை கையில், சுடத் தயாராக இருக்கும் துப்பாக்கி உங்கள் அஜாக்கிரதையால் சிக்கினால் டெக்சாஸில் அதுவும் குற்றம். ரகசிய எண் போட்ட பெட்டகம், அதன் எண் உங்களுக்கு மட்டும். இதற்கு மாற்று கிடையாது. டிரிகர் கனமாக இருக்கிறது, குழந்தையால் இழுக்க முடியாது என்று நம்புவது முட்டாள்தனம்.

என் நிலைப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். வாங்க எனக்கு உரிமை இருக்கிறது. நான் வாங்கவில்லை. எட்டும் நான்கும் வயதான இரண்டு பிள்ளைகள், வருடம் ஒருமுறை வரும் பெற்றோர், மாதம் இரண்டு விமானப் பயணம் கொண்ட வேலை. என் வாழ்க்கையில் அந்த 400 கிராம் குறைக்கும் ஆபத்தைவிடக் கூட்டும் ஆபத்து அதிகம். இரவில் தனியாகப் பெட்ரோல் நிலையம் நடத்தும் அண்ணனுக்கோ, மிரட்டல் வந்த பெண்ணுக்கோ கணக்கு வேறாக வரலாம். அவர்களுக்கு நான் புத்தி சொல்ல மாட்டேன். விசா, பயிற்சி, பெட்டகம் மூன்றுக்கும் பதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள் என்று மட்டும் சொல்வேன்.

நம்ம தமிழ்ச் சங்கங்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அரங்கம் பிடிக்கின்றன, வரி ஆலோசனைக்குக்கூட ஆள் கூப்பிடுகின்றன. வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரையும் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்றுநர் ஒருவரையும் உட்கார வைத்து, இரண்டு மணி நேரம் கேள்வி கேட்க விடலாம். பிள்ளையை நண்பன் வீட்டுக்கு விளையாட அனுப்பும் முன் "உங்க வீட்டில் துப்பாக்கி இருக்கா, பூட்டி வச்சிருக்கீங்களா" என்று கூச்சப்படாமல் கேட்கவும் அங்கே பழகிக்கொள்ளலாம். அமெரிக்கத் தாய்மார்கள் பலர் இதைச் சாதாரணமாகக் கேட்கிறார்கள். நாமும் கேட்கலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.