செவிக்குரிய விஞ்ஞானம்

அம்பகரத்தூர்ப் பேருந்தில் வரும் நம் மாணாக்கர் சிலர், காதிற் கருவி பொருத்தி விஞ்ஞான வலையொலி கேட்டு வருதலைக் காண்கின்றோம். துருவப்பனி உருகுதலும் கடல் உயர்தலும் அதில் விரிவாகப் பேசப்படுகின்றன. மகிழ்ச்சியே. ஆயினும் அச்செய்தி அவர்தம் காதோடு நின்றுவிடுகின்றது; காவிரிக் கடைமடையில் வரப்பின்மேல் நிற்கும் தந்தையார்க்கு எட்டுவதில்லை.

நிற்க. புதுச்சேரிப் பக்கத்து ஊர்களில் 1998 முதல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் செய்தி நிலையங்களை அமைத்தது. வீராம்பட்டினத்தில் அலையுயரம் பற்றிய முன்னறிவிப்பு ஒலிபெருக்கியில் தமிழிலே உரக்கச் சொல்லப்பட்டது. 2004 டிசம்பர் 26-இல், சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கையை நல்லவாட்டு மக்கள் தம் நிலையத்து ஒலிபெருக்கியில் முழக்கினர், உயிர் பிழைத்தனர். அதே காலையிற் காரைக்காற் கரையூர்கள் இழந்த உயிர்களை எண்ணிக் கூற எமக்கு மனம் வரவில்லை.

வலையொலியை இகழ்வது எம் கருத்தன்று. தேடித் திறப்பார்க்கன்றி அது வாய் திறவாது, அதுவே குறை. ஆதலின் நம் விஞ்ஞான மாணாக்கர், உப்பேறும் கிணற்றுநீர், புயல்மழை முதலியன குறித்து வாரந்தோறும் பத்து நிமிடம் எளிய தமிழிற் பேசிப் பதிந்து, ஊர்த் தேநீர்க்கடையில் ஒலிக்கச் செய்தல் வேண்டும். கேட்போர் இடைமறித்து வினவுவர். விடையறியாது திகைப்போர் எம்மிடம் வரலாம்; எமக்கும் எல்லாம் தெரியுமென்பதன்று.