கிரகணத்தன்று நடை சாத்தாத காளஹஸ்தி

2024 ஏப்ரல் 8, திங்கட்கிழமை. டல்லாஸில் பட்டப்பகலில் கிட்டத்தட்ட 4 நிமிடம் இருட்டியது. அலுவலகத்தில் எல்லோரும் கிரகணக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வெளியே நின்றோம். எனக்குத் தெரிந்த இரண்டு மூன்று தமிழ் வீடுகளில் மட்டும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல், திரைச்சீலையை இழுத்துவிட்டு உள்ளேயே வைத்திருந்தார்கள். ஊரிலிருந்து பாட்டி போனில் சொன்னாராம். அலாஸ்காவை விட்டால், இந்த நாட்டில் அடுத்த முழு சூரிய கிரகணம் 2044 ஆகஸ்டில்தான். அதற்குள் அந்தப் பிள்ளைகளுக்குக் கல்யாணமே ஆகிவிடும் :-)

எனக்கு இதில் உடன்பாடில்லை. பாட்டியோடு சண்டை போடவும் வேண்டாம். காளஹஸ்தியைச் சொன்னால் போதும். கிரகணம் என்றால் திருமலையிலேயே நடை சாத்திவிடுவார்கள். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் காளஹஸ்தியில் நடை திறந்தே இருக்கும், அந்த நேரத்தில் அபிஷேகமும் நடக்கும். ராகு கேது தலம், அதனால் கிரகண தோஷம் இல்லை என்பது ஐதீகம்.

அந்த ராகுவும் கேதுவும் யார் என்று பிள்ளைகள் கேட்டால் மழுப்பாதீர்கள். பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்குச் சந்திரனின் பாதை சுமார் 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகளுக்குத்தான் பஞ்சாங்கக் கணக்கில் ராகு, கேது என்று பெயர். அமாவாசையன்று சந்திரன் அதனருகே வந்தால் அதன் நிழல் நம்மேல் விழும். நிழல்தான் என்று ஆரியபட்டர் 1500 வருஷத்துக்கு முன்பே எழுதிவிட்டார்! சூரியன் சந்திரனைவிடச் சுமார் 400 மடங்கு பெரியது, சுமார் 400 மடங்கு தள்ளியும் இருக்கிறது. அதனால்தான் மூடி போட்டது போல அவ்வளவு கச்சிதமாக மறைகிறது. சுற்றியுள்ள வெண்ணிற ஒளிவட்டம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

காளஹஸ்தி இருக்கும் அதே திருப்பதி மாவட்டத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 செப்டம்பர் 2 அன்று ஆதித்யா எல்-1 கிளம்பியது. சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இது போனது 15 லட்சம், நூற்றில் ஒரு பங்கு. அதிலுள்ள ஒரு கருவி சூரியத் தட்டை மறைத்து, செயற்கைக் கிரகணம் உண்டாக்கி அந்த ஒளிவட்டத்தைப் படம் எடுக்கிறது. விண்கலம் அனுப்பிப் பார்ப்பதை நம் பிள்ளை ஜன்னல் வழியாகக்கூடப் பார்க்கக்கூடாதா?

பாட்டி சாப்பாட்டில் தர்ப்பை போடட்டும், முடிந்ததும் எல்லோரும் குளிக்கட்டும். ஆனால் வெறும் கண்ணால் பார்க்கக்கூடாது என்பது மட்டும் மூட நம்பிக்கை இல்லை, விழித்திரை போய்விடும். சாதாரணக் கூலிங் கிளாஸ் உதவாது.

ஜெட்டா நண்பர்களே, 2027 ஆகஸ்ட் 2 கிரகணப் பாதையில் உங்கள் ஊர் வருகிறது. சுமார் 6 நிமிடம்!