சத்தமில்லாத துவக்கும் சாட்சியில்லாத ஊரும்

கடந்த தை மாதத்தில் ஒருநாள் இரவு, அமெரிக்காவின் வட கரோலினாவில் இருக்கும் என் அக்காவின் மகன் வட்ஸ்அப்பில் மூன்று படங்கள் அனுப்பியிருந்தான். மூன்றும் கைத்துப்பாக்கிகள். கீழே ஒரு வரி: “மாமா, இதில ஒண்டு வாங்கப்போறன், சைலன்சரோட.”

2009 இல் அவனுக்குப் பன்னிரண்டு வயது. மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் எங்களோடு பங்கருக்குள் கிடந்தவன். தகப்பன் முன்னரே அமெரிக்கா போயிருந்ததால் பின்னாளில் தாயோடு போய்ச் சேர்ந்தான். இப்போது அந்த நாட்டுக் குடிமகன். அங்கே துவக்கு வாங்குவது சட்டப்படி அவனுக்குள்ள உரிமை. எனக்குத்தான் அந்தப் படங்களைப் பார்த்ததும் நெஞ்சு ஒருமுறை நின்று அடித்தது.

உடனே அழைத்து, ஏன் என்று கேட்டேன். கூட வேலை செய்பவர்கள் வார இறுதியில் குறிபார்த்துச் சுடும் இடத்துக்குப் போவார்களாம். இவனும் போயிருக்கிறான். “துவக்கு எனக்குப் பயமில்ல மாமா. அந்தச் சத்தம்தான் தாங்கேலாமக் கிடக்கு. பக்கத்தில ஒருத்தன் வெடிவைச்சா உடம்பு தன்பாட்டில குனியுது” என்றான்.

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. என் இடது காது 2009 பங்குனியில் ஒரு செல்லோடு போனது. இன்றுவரை அதற்குள் ஓர் இரைச்சல் நிற்காமல் ஓடுகிறது. சத்தம் வேண்டாம் என்று ஒருவன் சொன்னால் நான் எப்படி மறுப்பேன்? ஆனாலும் அவன் ஏன் இந்த ஆண்டுத் தொடக்கத்தில் வாங்கப் புறப்பட்டான் என்பதற்குப் பின்னால் ஓர் அரசியல் கதை இருக்கிறது. அது அமெரிக்காவின் கதைதான். என்றாலும் அதை வாசிக்க எங்களுக்கு ஒரு தனிக் காது இருக்கிறது.

வரி பூச்சியமான கதை

அமெரிக்காவில் துவக்குச் சைலன்சர்கள் 1934 ஆம் ஆண்டின் தேசிய சுடுகலன் சட்டத்துக்குள் வருகின்றன. மதுவிலக்குக் காலத்துக் கும்பல்களின் இயந்திரத் துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்தக் கொண்டுவரப்பட்ட சட்டம் அது. தடைசெய்வதற்குப் பதிலாக அது வரி விதித்தது. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் 200 டொலர். அன்றைய 200 டொலர் இன்றைய பெறுமதியில் 4,000 டொலருக்கும் மேல். அந்தத் தொகை பின்னர் உயர்த்தப்படவே இல்லை. பணவீக்கம் அதைத் தன்பாட்டில் கரைத்தது. அதோடு கைரேகை, புகைப்படம், பின்னணிச் சோதனை, மத்திய அரசின் பதிவேட்டில் பெயர் ஆகியனவும் தேவை.

2025 ஜூலை 4 ஆம் திகதி ஜனாதிபதி ட்ரம்ப் கையெழுத்திட்ட பெரிய வரி, செலவினச் சட்டத்துக்குள் இந்த விடயமும் புகுந்தது. பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய வடிவம் சைலன்சரை 1934 சட்டத்திலிருந்தே விலக்கியது. அதாவது பதிவேடும் இல்லை. ஆனால் செனட்டின் விதிமுறை அதிகாரி, வரவுசெலவு தொடர்பான சட்டத்தில் இதைச் சேர்க்க முடியாது என்றார். மிஞ்சியது வரிக்குறைப்பு மட்டும். 2026 ஜனவரி 1 முதல் சைலன்சருக்கான வரி 200 டொலரிலிருந்து பூச்சியமானது. கைரேகையும் பதிவேடும் அப்படியே இருக்கின்றன.

விவாதம் இதோடு முடியவில்லை. 1937 இல் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது, அது வரி விதிக்கும் அதிகாரத்துக்குள் அடங்குகிறது என்ற அடிப்படையில்தான். இப்போது வரியே இல்லாதபோது பதிவேடு மட்டும் எப்படி நிற்கும் என்று கேட்டு, துவக்கு உரிமை அமைப்புகள் நீதிமன்றம் போயிருக்கின்றன. உண்மையான போட்டி 200 டொலரைப் பற்றியதல்ல, பதிவேட்டைப் பற்றியது.

தகப்பன் செய்ததும் மகன் செய்ததும்

சைலன்சருக்குக் காப்புரிமை பெற்றவர் ஹைரம் பெர்சி மாக்சிம் என்ற அமெரிக்கர். ஆண்டு 1909. அவருடைய தகப்பன் ஹைரம் ஸ்டீவன்ஸ் மாக்சிம், 1880களில் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கியவர். ஆபிரிக்காவில் குடியேற்றப் படைகள் மக்களைக் கூட்டம் கூட்டமாக வீழ்த்தியது அந்தத் துப்பாக்கியால்தான். தன் கண்டுபிடிப்பின் சத்தத்தோடு ஆண்டுக்கணக்கில் இருந்த தகப்பன் கடைசிக் காலத்தில் காது கேளாதவரானார். மகன் சத்தத்தைக் குறைக்கும் கருவியைச் செய்தார். எங்கள் ஊர் மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயிலும் வேலை செய்வது ஏறக்குறைய இதே தத்துவம்தான்: வேகமாக வெளியேறும் சூடான வாயுவை அறை அறையாகத் தடுத்து, ஆறவிட்டு, மெதுவாக வெளியே விடுவது.

ஒரு வெடியில் மூன்று சத்தங்கள் உண்டு. குழல்வாயில் வாயு வெளியேறும் வெடிப்பு ஒன்று. ரவை ஒலியின் வேகத்தை, அதாவது செக்கனுக்குச் சுமார் 340 மீற்றரைத் தாண்டினால் காற்றில் எழும் சவுக்கடிச் சத்தம் இரண்டாவது. துவக்கின் இரும்புப் பாகங்கள் அசையும் சத்தம் மூன்றாவது. சைலன்சரால் முதலாவதை மட்டுமே குறைக்க முடியும்.

இதனால்தான் மருமகன் பொயின்ட் 22 ரிம்ஃபயர் ரகத்தைத் தேடினான். இந்த ரவையில் பற்றுமருந்து வெற்றுக்கோதின் விளிம்புக்குள் இருக்கும். வெடிமருந்து மிகக் கொஞ்சம். தலைப்பகுதி வழக்கமாக இரண்டரை கிராம் அளவுதான். கைத்துப்பாக்கியின் குட்டைக் குழலில் சாதாரண வேக ரவை பெரும்பாலும் ஒலியின் வேகத்தைத் தாண்டாது. ஆக, மூன்று சத்தங்களில் இரண்டு அடங்கிவிடும்.

அவன் அனுப்பிய மூன்று படங்களில் இரண்டு, ரூகர் மார்க் 4, பிரவுனிங் பக் மார்க். இரண்டிலும் குழல் அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். முன்னால் சைலன்சரின் பாரம் ஏறினாலும் வேலை கெடாது, குறியும் அதிகம் மாறாது. மூன்றாவது வால்தர் பி 22. பாரம் குறைவு, கைக்கு அடக்கம். ஆனால் பல பிரதிகளில் சைலன்சரைப் பூட்ட இடையில் ஓர் இணைப்புத் துண்டு வேண்டும். பெரிய ரவைக் கைத்துப்பாக்கிகள் பலவற்றில் வெடிக்கும்போது குழல் சாயும். அவற்றுக்குச் சைலன்சருக்குள் தனியாக ஒரு சுருள்வில் அமைப்பே தேவைப்படும். இன்னொன்று: பொயின்ட் 22 ரவை ஈயக்கசடை அதிகம் விடும். ஆகவே கழற்றித் துப்பரவு செய்யக்கூடிய சைலன்சரைத்தான் எடுக்க வேண்டும். “முதலாவதை எடு” என்றேன். யுத்தம் எனக்குத் தந்த வேண்டாத அறிவில் ஒரு துளியாவது ஒருவனின் காதைக் காக்கட்டும் என்று நினைத்தேன்.

காது பற்றிய வாதம் பொய்யல்ல

சைலன்சர் என்ற பெயரே ஏமாற்று. திரைப்படத்தில் கேட்கும் மெல்லிய ஊதற் சத்தம் உண்மையில் இல்லை. பொயின்ட் 22 கைத்துப்பாக்கியின் வெடி ஏறத்தாழ 150 டெசிபலுக்கு மேல். சைலன்சரோடு அது 115 முதல் 120 வரை இறங்கும். ஒரே கணத்தில் செவியைப் பாதிக்கக்கூடிய எல்லையாக 140 டெசிபல் கொள்ளப்படுகிறது. அதாவது கருவி அந்த எல்லையைக் கடந்து கீழே கொண்டுவருகிறது. 30 டெசிபல் குறைவு என்றால் ஒலியாற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கு. செவிப் பாதுகாப்பு என்று துவக்கு உரிமையாளர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது.

சமாதானப் பேச்சால் எங்களுக்குப் பழக்கமான நோர்வேயில் வேட்டைக்காரர் இதைத் தாராளமாகப் பாவிக்கிறார்கள். அயலவருக்கு இடைஞ்சல் இல்லாமல் சுடுவது அங்கே மரியாதை. ஆனால் அங்கே துவக்குக்கு உரிமம் பெறுவது இலகுவல்ல. கருவி சுதந்திரமாக இருக்கிறது, ஏனென்றால் துவக்கு கணக்கில் இருக்கிறது.

மறுபக்கமும் பொய்யல்ல. ரிம்ஃபயர் கைத்துப்பாக்கியும் சைலன்சரும் சேர்ந்தது காதைக் காக்க மட்டுமல்ல. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க உளவுச் சேவைக்காகச் செய்யப்பட்ட ஹை ஸ்டாண்டர்ட் கைத்துப்பாக்கி அப்படிப்பட்டது. 1960 இல் சோவியத் வானில் வீழ்த்தப்பட்ட யூ-2 விமானி பவர்ஸிடமும் அது இருந்தது. வியட்நாமில் காவல் நாய்களைக் குரைக்கவிடாமல் கொல்வதற்கென்றே 9 மில்லிமீற்றர் சைலன்சர்த் துப்பாக்கி ஒன்று செய்யப்பட்டது.

2017 ஒக்டோபரில் லாஸ் வேகாஸ் படுகொலை நடந்தபோது சைலன்சர்த் தளர்வு யோசனை காங்கிரஸில் கிடப்பில் போடப்பட்டது. 2019 மே 31 இல் வேர்ஜீனியா பீச்சில் பன்னிருவர் கொல்லப்பட்டபோது கொலையாளியின் கைத்துப்பாக்கியில் சைலன்சர் இருந்தது. 2024 டிசம்பரில் நியூயோர்க் நடைபாதையில் காப்புறுதி நிறுவனத் தலைவர் ஒருவர் கொல்லப்பட்டபோதும் இருந்தது. இவை அரிதான சம்பவங்கள்தான். ஆனால் ஆட்கள் நிறைந்த கட்டடத்தில் வெடிச்சத்தம் என்பது ஓடு என்ற எச்சரிக்கை.

எங்கள் காது சொல்வது

அது எங்களுக்குத் தெரியும். தூரத்தில் செல் குத்தும் சத்தத்துக்கும் அது வந்து விழுவதற்கும் இடையிலான அந்தச் சில செக்கன்களில்தான் நாங்கள் உயிர் பிழைத்தோம். குழந்தைகளுக்கு எழுத்துக்கு முன்னால் சத்தங்களைத்தான் பழக்கினோம். சத்தம் எங்களைக் கொன்றது. அதே சத்தம்தான் எங்களைக் காத்தது.

சத்தம் ஒரு சாட்சியும்கூட. யாழ்ப்பாணத்தில் 2006 ஐ ஒட்டிய ஊரடங்கு இரவுகளை நினைத்துப் பாருங்கள். முதலில் நாய்கள் குரைக்கும். பிறகு மோட்டார் சைக்கிள். பிறகு வெடி. கதவைத் திறக்க ஒருவருக்கும் துணிவில்லை. ஆனால் எத்தனை வெடி, எந்தப் பக்கம், எத்தனை மணி என்று அயலில் எல்லோருக்கும் தெரியும். பின்னாளில் ஆணைக்குழுக்களின் முன்னால் போய் நின்ற தாய்மார் பலரிடம் இருந்தது அந்தக் கேட்ட நினைவு மட்டுமே.

இங்கேதான் எனக்கு ஒரு தயக்கமும் வருகிறது. சத்தம் மட்டும் போதுமா? 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், மட்டக்களப்பு புனித மரியாள் பேராலயத்துக்குள், ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். நிறைந்திருந்த சபை முழுவதும் அந்த வெடியைக் கேட்டது. 2021 தையில், வழக்கைத் தொடரப்போவதில்லை என்று சட்டமா அதிபர் தரப்பு அறிவிக்க, குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். ஊரே கேட்ட வெடிக்கும் நீதி கிடைக்கவில்லை.

எங்கள் பத்திரிகைகள் அந்தக் காலம் முழுவதும் ஒரே சொல்லைத்தான் அச்சிட்டன: இனந்தெரியாத ஆயுததாரிகள். அந்தச் சொல்லின் பொருள் என்ன? சத்தம் கேட்டது, ஆள் விழுந்தது, ஆனால் அந்த ஆயுதம் எவர் கையில் இருந்தது என்று எந்த ஏட்டிலும் இல்லை, அல்லது இருந்தும் எவரும் காட்டவில்லை. எங்களுக்கு இல்லாமற் போனது பதிவேடும் அதைத் திறந்து காட்டும் நேர்மையும்தான்.

அதனால் அமெரிக்க விவாதத்தில் என் நிலைப்பாடு இதுதான். வரி போனதில் எனக்குக் கவலையில்லை. செவியைக் காக்கும் பொருளை வசதியுள்ளவன் மட்டும் வாங்க வேண்டும் என்பதில் நியாயமில்லை. ஆனால் பதிவேட்டை அழிக்கக் கேட்பவர்கள், சத்தம் குறைந்த ஆயுதத்தோடு பெயரும் மறைந்த ஒரு கையைக் கேட்கிறார்கள். அந்த இரண்டும் சேர்ந்தால் ஒரு சமூகத்துக்கு என்ன நடக்கும் என்று கற்பனை செய்ய அவர்களுக்குச் சிரமமாக இருக்கலாம். எங்களுக்கு நினைவு இருக்கிறது.

மருமகனிடம் சொன்னேன்: “காது முக்கியம், வாங்கு. ஆனா கைரேகை வைக்கச் சொன்னா முணுமுணுக்காம வை. உன்ர பேர் ஒரு இடத்தில எழுதிக் கிடக்கட்டும்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “வைச்சிட்டன் மாமா. அனுமதி வர வேணும். அதுக்கிடையில நீங்கள் காதுக்கு டொக்டரிட்டப் போங்கோ” என்றான். சரி என்று சொல்லி, போனை வலது காதிலிருந்து எடுத்து வைத்தேன்.