வக்கீல் மட்டும் போதாது, தடய உயிரியலும் படியுங்கள்

பிளஸ் டூவில் உயிரியல் படித்த பிள்ளை நம் தோழர்களிடம் வந்து அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்டால் இரண்டு பதில்தான் கிடைக்கிறது. டாக்டர் ஆகு, முடியாவிட்டால் வக்கீல் ஆகு. தடய உயிரியல் என்று ஒரு படிப்பு இருப்பதை யாரும் சொல்வதில்லை. பிள்ளையே கேட்டாலும், "அது போலீசுக்கு வேலை செய்யுற படிப்பாச்சே" என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். அந்த அலட்சியத்துக்கு நாம் கொடுத்துவரும் விலை பெரிது.

ஹத்ராஸை எடுத்துக்கொள்வோம். 2020 செப்டம்பர் 14 அன்று அந்த தலித் இளம்பெண் தாக்கப்பட்டார். மாதிரிகள் ஆக்ரா ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தது 11 நாள் கழித்து. விந்தணு இல்லை என்று அறிக்கை வந்தது. உடனே உத்தரப் பிரதேசக் காவல்துறையின் உயரதிகாரி ஒருவர், பாலியல் வன்கொடுமையே நடக்கவில்லை என்று அறிவித்தார். விந்தணுத் தடயம் உடலில் மூன்று நான்கு நாளுக்கு மேல் கிடைப்பது அரிது என்பது இத்துறையின் முதலாண்டுப் பாடம். பாலியல் வன்கொடுமையை நிரூபிக்க விந்து இருந்தே ஆக வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை. உடலையோ இரவோடு இரவாக எரித்துவிட்டார்கள்; மறுபரிசோதனைக்கு எதுவும் மிஞ்சவில்லை. 2023 மார்ச்சில் நால்வரில் மூவர் விடுதலை. பாலியல் வன்கொடுமைக்காக ஒருவருக்கும் தண்டனை இல்லை.

'தடயம் கிடைக்கவில்லை' என்பதை 'குற்றம் நடக்கவில்லை' என்று மாற்றிப் படிக்கும் வித்தை இது. இதை அன்றே, அதே ஊடகத்தில், அறிவியல் மொழியில் மறுத்துப் பேச நம்மிடம் எத்தனை பேர் இருந்தார்கள்?

வேங்கைவயலில் இன்னொரு பாடம். 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. டி.என்.ஏ. சோதனைக்கு முதலில் ரத்தம் கேட்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அந்தத் தண்ணீரைக் குடித்த மக்களே. முப்பதுக்கும் மேற்பட்டோரிடம் மாதிரி எடுத்தும் எதுவும் பொருந்தவில்லை. 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றம்சாட்டியது அதே மக்களில் மூன்று பேரை. மனித மலத்தில் பாக்டீரியா ஏராளம். குடல் சுவரிலிருந்து உதிர்ந்த செல்கள் சொற்பம். அதுவும் தண்ணீரில் கரைந்து, சிதைந்து போகும். அப்படிப்பட்ட மாதிரியிலிருந்து எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது? யார் பெயர்களை எந்த அடிப்படையில் பட்டியலில் சேர்த்தார்கள்? இரண்டாவது கேள்வியை நாம் தெருவில் நின்று கேட்டோம். முதல் கேள்வியைக் கேட்கப் படிப்பு வேண்டும்.

நம் ஊர்களில் அடிக்கடி கேட்கிற கதை, "கிணத்துல விழுந்து செத்துட்டான்". தண்ணீரில் டயாட்டம் என்ற நுண்ணிய பாசிகள் உண்டு. உயிரோடு மூழ்கியவர் மூச்சோடு இழுக்கும் நீரில் அவை ரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜை வரை போகும். கொன்றபின் வீசப்பட்ட உடலில் இதயம் ஓடாததால் அவ்வளவு தூரம் போகாது. குறைகள் உள்ள சோதனைதான், ஆனால் கேட்டால்தான் செய்வார்கள். ரத்தம் தோய்ந்த சட்டையை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சையும் பாக்டீரியாவும் டி.என்.ஏ.வைத் தின்றுவிடும், நிழலில் உலர்த்திக் காகித உறையில் போட வேண்டும். உண்மை அறியும் குழுவில் போகும் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அரசு ஆய்வக அறிக்கையை, நிபுணரைக் கூண்டில் ஏற்றாமலேயே சாட்சியமாக ஏற்கலாம் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 329ஆம் பிரிவு. பழைய சட்டத்திலும் இதேதான். நிபுணரை அழைக்கச் சொல்லிக் கேட்கலாம். அழைத்தபின் என்ன கேட்பது என்று நம் வக்கீலுக்குச் சொல்லித்தர ஆள் எங்கே?

ஆள் இல்லாமல் இல்லை. பல அரசு மருத்துவமனைப் பிணவறைகளில் உடலைத் திறப்பதும் தைப்பதும் நம் சாதியைச் சேர்ந்த கடைநிலை ஊழியர்கள். டாக்டர் தள்ளி நின்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். தலைமுறை தலைமுறையாக உடலைத் தொட நாம், அறிக்கை எழுத அவர்கள்.

போலீஸ் படிப்பு என்பவர்களுக்கு ஒன்று. டி.என்.ஏ. ஒப்பீடு முதன்முதலில் ஒரு கொலை வழக்கில் பயன்பட்டது இங்கிலாந்தின் லெஸ்டர் பகுதியில். 1986இல் விசாரணையில் 'ஒப்புக்கொண்ட' 17 வயதுப் பையனை அந்தச் சோதனைதான் விடுவித்தது. உண்மைக் கொலையாளி பிறகுதான் சிக்கினான். ஒப்புதல் வாக்குமூலம் எப்படி வாங்கப்படும் என்று நம் தெருவுக்குத் தெரியாதா? அறிவியல் நடுநிலையானது என்று நான் சொல்லவில்லை. மாதிரி எடுப்பவன் கையில் சாதி இருந்தால் மாதிரியிலும் இருக்கும். அதனால்தான் அந்த அறைக்குள் நாம் இருக்க வேண்டும் என்கிறேன்.

விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் இளங்கலை முடித்தவர்கள் முதுகலையில் இந்தப் பக்கம் வரலாம். சேருமுன் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள்; பெயர்ப்பலகையை நம்பிக் கட்டணம் கட்டாதீர்கள். ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்கிறது 2024 ஜூலையில் வந்த சட்டம். இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம். அதற்குப் புதிய பணியிடங்கள் தேவை. அவற்றில் பட்டியல் சாதி இடங்கள் எத்தனை, நிரப்பியது எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் இப்போதே மனு போடுங்கள். இன்று பி.எஸ்சி. சேரும் பிள்ளை எம்.எஸ்சி. முடிக்கவும் ஐந்து ஆண்டுதான் ஆகும்.