தனி ஆளுக்கு வீடு இல்லை

கன்னியாகுமரியில் அறைக்குப் பஞ்சமே கிடையாது. கோயிலைச் சுற்றியும், ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையிலும் வரிசையாக லாட்ஜுகள். ஆனால் அந்த அறைகளுக்கெல்லாம் வாடகை நாள் கணக்கில். ஜன்னலில் சூரிய உதயம் தெரிந்தால் ஒரு விலை, ஐயப்ப சீசன் என்றால் இன்னொரு விலை. பகவதியம்மன் கோயிலும் அலங்கார உபகார மாதா ஆலயமும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற, காலாற நடந்தே முடித்துவிடக்கூடிய பழைய கடற்கரை ஊர் அது. இருந்தும், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓர் இளைஞர் அங்கே மாத வாடகைக்கு ஓர் அறை பிடிப்பது குதிரைக்கொம்பு. நாகர்கோவிலில் சிக்கல் வேறு மாதிரி. வீடு இருக்கும், ‘ஃபேமிலிக்கு மட்டும்’ என்ற நிபந்தனையும் கூடவே இருக்கும். பிள்ளைகள் படித்து முடித்ததும் மாவட்டத்தை விட்டுப் போய்விடுகிறார்கள் என்று புலம்பும்போதெல்லாம் நாம் வேலையைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். தங்க இடம் தராத ஊரில் வேலை வந்தாலும் ஆள் நிற்க மாட்டார்கள் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இதற்கு நேர் எதிரான ஓர் இடம் சென்னையில் இருக்கிறது. திருவல்லிக்கேணி. ஆழ்வார்கள் பாடிய பார்த்தசாரதி கோயில் ஒருபுறம், ஆற்காட்டு நவாப் குடும்பம் 1795இல் கட்டிய பெரிய பள்ளிவாசல் மறுபுறம், கிழக்கே மெரினா. நடுவில் உள்ள சந்துகளில்தான் தெற்கிலிருந்து சென்னைக்குப் போன பையன்களில் எத்தனையோ பேர் முதல் சம்பளத்தை எண்ணிப் பார்த்தார்கள். கணித மேதை ராமானுஜன் ஒரு காலத்தில் குடியிருந்தது அனுமந்தராயன் கோயில் தெருவில். பாரதி கடைசிக் காலத்தில் இருந்த துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு வீடும் வாடகை வீடுதான். பின்னாளில் வந்த மான்ஷன்கள் அந்த வழக்கத்தைத் தனி ஆளுக்கு ஏற்ற அளவில் சுருக்கிக் கொடுத்தன: ஒரு கட்டில், ஒரு ஜன்னல், தெருமுனையில் மெஸ். சேப்பாக்கத்து அரசு அலுவலகங்களும் பல்கலைக்கழகமும் அண்ணா சாலையும் நடை தூரம். பைகிராஃப்ட்ஸ் சாலையின் நடைபாதையில் பழைய புத்தகங்கள். கடல் காற்றுக்காக யாரும் அங்கே குடிபோகவில்லை. கடல்தான் காரணம் என்றால் கன்னியாகுமரியும் அப்படி நிரம்பியிருக்க வேண்டுமே. பையில் இருக்கும் பணத்துக்குள் அடங்கும் அறை, பஸ் செலவில்லாத வேலை, யார் மகன் என்று யாரும் விசாரிக்காத தெரு. இந்த மூன்றும் ஒரே இடத்தில் அமைந்ததுதான் அதன் பலம்.

மான்ஷன் வாழ்க்கையை இனிப்பாகச் சித்திரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. காலையில் குளியலறைக்கு வரிசை, கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு, மூட்டைப்பூச்சி, காற்று நுழையாத அறை என்று அதன் மறுபக்கம் ஊரறிந்தது. அதைவிடப் பெரிய குறை, மான்ஷன் ஆண்களின் உலகம். தனியாக வந்த பெண்ணுக்கு அதில் இடம் இருந்ததில்லை. ஆகவே அதை அப்படியே இங்கே பெயர்த்து வைக்கச் சொல்லவில்லை. பழைய நகரின் நடுவில் தனி ஆளுக்கு மாத வாடகை அறை என்ற ஏற்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

நம் மாவட்டம் இதற்கு ஏற்கெனவே பாதி தயார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே நூற்றுக்கு 82 பேர் நகர்ப்புறத்தில் வாழ்கிறார்கள்; மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர், சென்னைக்கு அடுத்த இடம். எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதல். வளைகுடா சம்பாத்தியத்தில் கட்டிய மாடி வீடுகள் பல, வருடத்துக்கு ஒரு மாதம் திறப்பதோடு சரி. கோட்டாறு கம்போளத்தைச் சுற்றியும், வடசேரி சந்தையை ஒட்டியும், மீனாட்சிபுரத்திலும் உள்ள பழைய தெருக்கள் கடை, கோயில், ஆஸ்பத்திரி, பேருந்து நிலையம் எல்லாவற்றுக்கும் பக்கம். ‘இங்கேதான் ஊருக்கு ஊர் பஸ் ஓடுகிறதே, வீட்டிலிருந்தே போய்வரலாமே’ என்பார்கள். கொல்லங்கோட்டிலிருந்து நாகர்கோவிலுக்குத் தினமும் வந்துபோகிறவரிடம் அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும். இரவுப் பணி முடிக்கும் நர்ஸிடமும் சொல்லிப் பார்க்கலாம். வேலையே இல்லாத ஊரில் அறை எதற்கு என்ற கேள்வியில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் மருத்துவமனைகள், கல்லூரிகள், வங்கிகள், சிறிய மென்பொருள் அலுவலகங்கள் என்று இருக்கிற வேலைகளுக்கே வெளியூர் ஆட்கள் வருகிறார்கள். வந்தவர்கள் நிலைத்தால்தான் அடுத்த அலுவலகம் வரும்.

வீட்டுக்காரர்களின் தயக்கத்தை வெறும் பிற்போக்கு என்று தள்ளிவிடக் கூடாது. குடியும் கூச்சலும் வருமோ, காலி செய்ய மறுப்பார்களோ என்ற பயம் நிஜமானது. அதற்கு மருந்து எழுத்து ஒப்பந்தம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்கிறது. இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. வாய்ப்பேச்சில் வீடு கொடுத்துவிட்டுப் பிறகு பயப்படுவதைவிட இது மேல். ஆனால் தயக்கத்தின் இன்னொரு பாதியை ஒப்பந்தத்தால் தீர்க்க முடியாது. பெயரைக் கேட்டதும் அடுத்த கேள்வி ஊர், அதற்கடுத்தது கோயிலா சர்ச்சா, பிறகு மீன் சமைப்பீர்களா என்பது. பாதி ஊருக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காத மாவட்டத்தில் இது வேடிக்கைதான்.

அறைகள் பெருகினால் வாடகை ஏறி உள்ளூர்க்காரர் வெளியேற வேண்டிவரும் என்பது இருப்பதிலேயே வலுவான ஆட்சேபம். ஃபோர்ட் கொச்சியிலும் புதுச்சேரியின் வெள்ளை நகரத்திலும் பழைய வீடுகள் ஹோம்ஸ்டேயாகவும் காபிக்கடையாகவும் மாறியதைப் பார்த்த யாரும் அதை அலட்சியம் செய்ய மாட்டார்கள். ஆனால் அங்கே வாடகையை ஏற்றியதில் பெரும்பங்கு சுற்றுலாவின் நாள் வாடகைக்கு. மாதச் சம்பளக்காரர் கொடுக்கக்கூடியதற்கு ஒரு வரம்பு உண்டு. விடுமுறைக்கு வருபவருக்கு அந்த வரம்பு கிடையாது. அதே காரணத்துக்காக, குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் இந்த யோசனையைக் கவனமாகவே கொண்டுபோக வேண்டும். கரையை ஒட்டிய இடம் மீனவர்களின் குடியிருப்பு. அவர்களின் அடுத்த தலைமுறைக்கே அங்கே இடம் போதவில்லை. 2004 சுனாமி அந்தக் கரைக்கு என்ன செய்தது என்பதும் நினைவிருக்க வேண்டும்.

நாள் வாடகையையும் மாத வாடகையையும் பிரித்துப் பார்க்க அரசுக்கே வழி தெரியும். 2024 ஜூனில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மேற்படாத, தொடர்ந்து 90 நாளாவது தங்குகிற விடுதி வாடகைக்கு வரிவிலக்கு தரப் பரிந்துரைத்தது. நாகர்கோவில் மாநகராட்சி அதே 90 நாள் கணக்கைச் சொத்து வரியிலும் கொண்டுவரலாம்: பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பதிவான ஒப்பந்தத்தில் தனி ஆட்களுக்கு விடுகிறவருக்குச் சலுகை, லாட்ஜாக மாற்றுகிறவருக்கு வணிக வரி. பெண்களுக்கு அரசே முன்கை எடுக்க வேண்டும். வேலைக்குப் போகும் பெண்களுக்காகத் தாம்பரத்தில் அரசு நடத்தும் ‘தோழி’ விடுதி போல ஒன்றை வடசேரி பேருந்து நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் கட்டினால் இரவுப் பணிக்குப் போகிறவர்களுக்கு உதவும். நிலம் மலிவு என்று ஊருக்கு வெளியே நாற்கர சாலையோரம் கட்டினால் உதவாது.