மழைக்காலத்தில் சிக்கும் இரும்புக் கதவு: தேய்க்கும் முன் நிலையைப் பாருங்கள்

கேள்வி: எங்களுக்கு மதுராந்தகம் பக்கம் விவசாயம். மகளைச் சென்னை தி.நகரில் கொடுத்திருக்கிறோம். தரைத்தள வீடு, வாசலுக்குக் கனமான இரும்புக் கதவு. ஐப்பசி, கார்த்திகையில் சாத்தினால் தோள் கொடுத்துத் தள்ளித்தான் திறக்க வேண்டியிருக்கிறது. சித்திரையில் தானாகச் சரியாகிவிடுகிறது. கதவின் அடிப்பாகத்தைக் கிரைண்டரில் தேய்த்துவிடலாம் என்கிறார் பட்டறைக்காரர். பகலில் 70 வயது சம்பந்தியம்மா மட்டும்தான் வீட்டில் இருக்கிறார். தேய்க்கலாமா? எங்கள் மோட்டார் கொட்டகைக் கதவும் இப்படித்தான் சிக்குகிறது.

பதில்: இப்போதைக்குத் தேய்க்க வேண்டாம். எது நகர்ந்திருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். கதவை வெட்டிவிட்டால் வெட்டியது திரும்ப வராது. கோடையில் நிலை பழைய இடத்துக்கு வந்ததும் அடியில் விரல் நுழையும் இடைவெளி விழும். எலியும் பூரானும் அந்த வழியாக வரும்.

மரக்கதவு மழையில் ஈரம் குடித்து உப்பும். இரும்பு ஈரம் குடிக்காது. வெயிலில் கொஞ்சம் விரியும், அதுவும் மிகக் குறைவு. 7 அடி உயரக் கதவில் 30 டிகிரி வெப்பம் ஏறினால் முக்கால் மில்லிமீட்டர் அளவுக்குத்தான் நீளும். உங்கள் கதவோ வெயில் காலத்தில் நன்றாக இருக்கிறது, மழையில் சிக்குகிறது. ஆகவே மாறுவது கதவு இல்லை. கதவைத் தாங்கும் நிலை அசைகிறது, நிலையைத் தாங்கும் சுவர் அசைகிறது, சுவரைத் தாங்கும் மண் அசைகிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

தி.நகர் இருக்கும் இடம் 100 ஆண்டுகளுக்கு முன்பு ஏரி. மயிலாப்பூர் ஏரியும் நுங்கம்பாக்கம் ஏரியும் சேர்ந்த நீண்ட நீர்ப்பரப்பை ஆங்கிலேயர்கள் 'லாங் டேங்க்' என்றார்கள். 1920-களில் அதை வற்றவைத்து மனை போட்டு, நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரை வைத்தார்கள். மேற்கு மாம்பலத்தில் ஏரி போன பிறகும் 'லேக் வியூ ரோடு' என்ற பெயர் இருக்கிறது. ஏரி மண் எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. களி அதிகமுள்ள மண் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கரிசல் காட்டில் கோடையில் பார்க்கும் வெடிப்பும் இதே வேலைதான். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை, அதில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டிவிடும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த மண் சில வாரங்களில் நனைகிறது. வீட்டின் ஒரு பக்கம் மட்டும் அதிகமாக நனைந்தால் அந்தப் பக்கம் மட்டும் எழும்பும். சதுரமாக இருந்த நிலை கோணிப்போகும்.

வீட்டோரம் வெறும் மண் இருந்தால், அஸ்திவாரத்தைத் தொடாமல் சற்றுத் தள்ளி ஒன்றரை அடி தோண்டி ஒரு பிடி மண் எடுத்து நனைத்து உருட்டிப் பாருங்கள். உடையாமல் கயிறு போலத் திரிந்தால் களி. மேலே கொட்டி நிரப்பிய மண்ணைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

எந்தக் காலத்தில் சிக்குகிறது?

பட்டறைக்காரரைக் கூப்பிடும் முன் இதற்கு விடை வேண்டும்.

மழையில் சிக்கி, கோடையில் சரியானால் மண் அசைகிறது.

காலம் பார்க்காமல் மாதாமாதம் மோசமானால் கீல் தேய்ந்திருக்கிறது, அல்லது நிலை துருப்பிடித்து உப்புகிறது.

மதிய வெயிலில் மட்டும் சிக்கினால் ஏற்கெனவே இடைவெளி போதவில்லை. அந்த முக்கால் மில்லிமீட்டரே தடுக்கிறது.

வாசலில் புதிதாக டைல்ஸ் போட்ட பிறகோ, பழைய பெயின்ட் மேலேயே மீண்டும் பெயின்ட் அடித்த பிறகோ தொடங்கியிருந்தால், காரணம் அந்த வேலைதான்.

அரை மணி நேரச் சோதனை

1. நிலையின் உள்விளிம்பு முழுக்கச் சாக்பீஸ் தடவிக் கதவைச் சாத்தித் திறங்கள். கதவில் சாக்பீஸ் ஒட்டிய இடம்தான் உரசும் இடம்.

2. கதவைப் பாதி திறந்து, பூட்டு இருக்கும் பக்கத்தைக் கீழிருந்து தூக்கிப் பாருங்கள். மேலும் கீழும் ஆடினால் கீல் தேய்ந்திருக்கிறது, அல்லது நிலையோடு சேரும் இடத்தில் விட்டிருக்கிறது.

3. நிலையின் மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்கு ஓர் அளவு, மேல் வலதிலிருந்து கீழ் இடதுக்கு இன்னோர் அளவு எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நிலை கோணவில்லை. வித்தியாசத்தைத் தேதியோடு எழுதிவைத்து, சித்திரையில் மறுபடி அளந்து பாருங்கள்.

4. நிலையின் மேல் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக விரிசல் ஓடுகிறதா? அதன் நுனியில் பென்சிலால் கோடிட்டுத் தேதி போடுங்கள். கோட்டைத் தாண்டி வளர்ந்தால் வீட்டுக்காரரிடம் சொல்லி ஒரு கட்டடப் பொறியாளரைப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டறை வேலையில் அது தீராது.

மண்தான் காரணம் என்றால்

ஈரம் ஒரே இடத்தில் சேராமல் பாருங்கள். மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாய் வாசல் மூலையில் கொட்டுகிறதா, ஏ.சி. தண்ணீர் அங்கேயே சொட்டுகிறதா, கசியும் சம்ப் இருக்கிறதா என்று பாருங்கள். குழாயை நீட்டித் தண்ணீரைச் சுவரை விட்டுத் தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். சுவரையொட்டி வெளிப்பக்கம் சாயும்படி தளம் போட்டால் இன்னும் நல்லது. பலன் ஒரு மழையில் தெரியாது. அடுத்த ஐப்பசியில் தெரியும்.

கீல் காரணம் என்றால்

3 மி.மீ. தகட்டில் 3 அடிக்கு 7 அடிக் கதவு தகடு மட்டுமே 45 கிலோ வரும். சட்டமும் பூட்டும் சேர்ந்தால் 60 கிலோ ஆகும். அந்த எடை மேல் கீலை நிலையிலிருந்து எந்நேரமும் பிடித்து இழுக்கும். மேல் கீல் கொஞ்சம் விட்டாலும் பூட்டுப் பக்கம் தொங்கி, அடியில் உரசும். இதையும் அடியைத் தேய்த்துத் தீர்க்க முடியாது.

இரண்டாகப் பிரியும் உருளைக் கீல் என்றால் கதவைக் கழற்றி, கீலின் ஊசியில் வாஷர் போட்டுக் கிரீஸ் தடவி மாட்டினால் வாஷரின் கனத்துக்குக் கதவு உயரும். எல்லாக் கீலிலும் ஒரே கனத்தில் போட வேண்டும். ஊசியே தேய்ந்திருந்தால் கீலை மாற்றுங்கள். இரண்டு கீல் மட்டும் இருந்தால் மூன்றாவது வைக்கச் சொல்லுங்கள். கதவைத் தூக்க ஒருவர் போதாது. அடியில் மர ஆப்பு கொடுத்து, இருவராவது பிடித்துக்கொள்ள வேண்டும். விரலும் பாதமும் கதவுக்கு அடியில் போகக் கூடாது.

துரு காரணம் என்றால்

மயிலாப்பூர், சாந்தோம், பெசன்ட் நகர் போன்ற கடலோர இடங்களில் மண்ணைவிட உப்புக்காற்றைத்தான் பார்க்க வேண்டும். துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். நிலையின் கால் தரையில் புதையும் இடத்தில் அது உப்பி உள்ளே தள்ளும். கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, உப்பு போக நல்ல தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் ரெட் ஆக்சைடு பிரைமரும் அதன் மேல் எனாமலும் அடிக்க வேண்டும். துருவின் மேலேயே பெயின்ட் அடித்தால் உள்ளே தின்றுகொண்டே இருக்கும்.

உங்கள் மோட்டார் கொட்டகைக்கும் இதே சோதனைகள்தான். ஒன்று மட்டும் கூடுதல்: கிரைண்டர், வெல்டிங் எதுவானாலும் டீசல், பூச்சிமருந்து, வைக்கோல், சாக்கு எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

மழைக்கு முன் ஏன் முடிக்க வேண்டும்?

2015 டிசம்பர் 1-ம் தேதி இரவு அடையாறு கரை மீறி, கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்படிப்பட்ட இரவில் வெளிப்பக்கமாகத் திறக்கும் 3 அடி அகலக் கதவுக்கு வெளியே 2 அடித் தண்ணீர் நின்றால், அது சுமார் 165 கிலோ எடைக்குச் சமமான விசையோடு கதவை அழுத்தும். நன்றாக ஓடும் கதவையே அப்போது தள்ளுவது கஷ்டம். ஏற்கெனவே சிக்கும் கதவை 70 வயது அம்மாவால் அசைக்க முடியாது. ஆகவே வாசலில் தண்ணீர் ஏறத் தொடங்கினால் முழங்கால் அளவு வரும்வரை காத்திருக்க வேண்டாம், மேல்மாடிக்குப் போய்விடச் சொல்லுங்கள்.

இந்த மழைக்கு மண்ணை மாற்ற முடியாது. அதனால் இப்போது கீலைச் சரிசெய்து, பெயின்ட் கட்டியைச் சுரண்டி, தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். அப்படியும் உரசினால், சாக்பீஸ் காட்டிய இடத்தில் மட்டும் 1 அல்லது 2 மி.மீ. தேய்க்கலாம், தேய்த்த இடத்துக்கு அன்றே பிரைமர் அடித்துவிடுங்கள். வேலை சரியாக நடந்ததா என்று பட்டறைக்காரர் திறந்து காட்டினால் போதாது. கதவை உள்ளே பூட்டிவிட்டு, விளக்கை அணைத்து, சம்பந்தியம்மாவையே திறக்கச் சொல்லுங்கள். ஒரே கையால், தோள் கொடுக்காமல் அவர் திறந்துவிட்டால் கூலியைக் கொடுத்து அனுப்பலாம்.