காத்து கெட்டா ஜி.டி.பி ஏறுமா? இருமலுக்குப் பின்னால ஒரு கணக்கு!

நவம்பர் வந்தால் போதும், டெல்லியில் வேலை பார்க்கும் என் காலேஜ் தோழியிடமிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் வரும். காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டியிருக்கும், பக்கத்தில் அழுகிற எமோஜி. போன முறை வந்தது வேற ஸ்கிரீன்ஷாட். ஏர் ப்யூரிஃபையர் இ.எம்.ஐ, அதுக்கு ஃபில்டர், குழந்தைக்கு நெபுலைசர், டாக்டர் ஃபீஸ், மாஸ்க் என ஒரு மாசச் செலவை வரிசையாக எழுதிவைத்திருந்தாள். கீழே ஒரே ஒரு வரி: ``இன்க்ரிமென்ட் வந்துச்சுனு சந்தோஷப்பட்டேன்டி. மொத்தமும் இதுக்கே போயிடுச்சு.''

சிரிச்சுட்டு கடந்துபோக முடியலை. ஏன்னா, அந்த லிஸ்ட்டில் ஒரு நாட்டோட கதையே இருக்கு.

செலவும் வளர்ச்சிதான்!

ஒரு வருஷத்தில் நாட்டில் உற்பத்தியாகிற பொருள்கள், சேவைகளின் மொத்த மதிப்புதான் ஜி.டி.பி. அது நல்ல செலவா, வேற வழியில்லாமல் செய்த செலவா என்றெல்லாம் பார்க்காது. உங்கள் டாக்டர் ஃபீஸும் அதில் சேரும், ஆஸ்பத்திரி பில்லும் சேரும். ஆனால், நல்ல காற்றுக்கு யாரும் பில் போடுவதில்லை. அதனால் அது கணக்கிலேயே வராது.

அப்போ புகையால் பொருளாதாரம் வளருதா? இல்லை. இழப்பு வேற இடத்தில் விழுது.

`லான்செட் பிளானட்டரி ஹெல்த்' இதழில் 2020-ல் வெளியான ஆய்வின்படி, 2019-ல் மட்டும் இந்தியாவில் காற்று மாசோடு தொடர்புடைய மரணங்கள் சுமார் 16.7 லட்சம். பொருளாதார இழப்பு சுமார் 2.6 லட்சம் கோடி ரூபாய், அதாவது ஜி.டி.பி-யில் 1.36 சதவிகிதம். இதில் பெரும்பகுதி, உழைக்க வேண்டியவர்கள் சீக்கிரமே இறந்துபோவதால் ஏற்படும் உற்பத்தி இழப்பு. இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2019-20-ல் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து மருத்துவத்துக்குச் செலவிட்டது ஜி.டி.பி-யில் 1.35 சதவிகிதம். ஒரு கையால் எவ்வளவு கொடுத்தோமோ, கிட்டத்தட்ட அதே அளவை இன்னொரு கையால் புகையில் விட்டிருக்கோம்.

பில் யார் கைக்கு வருது?

2013-14-ல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 64 சதவிகிதத்தை மக்கள்தான் தங்கள் கையிலிருந்து கொடுத்தார்கள். 2021-22-ல் அது 39.4 சதவிகிதமாகக் குறைந்திருக்கு. நிச்சயமா நல்ல முன்னேற்றம். ஆனால், காற்று மாசு தரும் நோய்களில் பல, ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகி முடிந்துபோகிறவை அல்ல. மாசாமாசம் இன்ஹேலர், அடிக்கடி டாக்டர், டெஸ்ட் என நீளும். பெரும்பாலான இன்ஷூரன்ஸ் அட்மிட் ஆனால்தான் கைகொடுக்கும். மீதியெல்லாம் நம்ம பர்ஸ்தான்.

என் தோழிக்காவது இன்க்ரிமென்ட் இருந்தது. 2024 நவம்பரில் டெல்லியில் மாசு உச்சத்துக்குப் போனபோது கட்டுமான வேலைகளை நிறுத்தினார்கள். தூசியைக் குறைக்க அது தேவைதான். ஆனால், சித்தாள் வேலைக்குப் போகிறவருக்கு அன்றைக்குக் கூலி இல்லை. அவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கச் சொல்லி சுப்ரீம் கோர்ட்டே உத்தரவிட வேண்டியிருந்தது. கெட்ட காற்றையும் சுவாசித்து, அன்றைய கூலியையும் இழந்தவர்கள் அவர்கள்.

மிச்சம் பிடித்த பணம் எங்கே?

அனல் மின் நிலையப் புகையில் கந்தக டை ஆக்சைடைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2015 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. கெடு 2017. அப்புறம் தள்ளிப்போனது, மறுபடியும் தள்ளிப்போனது. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு, அந்த வாயுவைப் பிரித்தெடுக்கும் கருவி பொருத்துவதிலிருந்தே விலக்கு கொடுத்துட்டாங்க. `நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு. கருவி பொருத்தினால் மின் கட்டணம் ஏறும்' என்பது இதற்குச் சொல்லப்படும் வாதம்.

கட்டணம் ஏறும் என்பது நியாயமான கவலைதான். ஆனால், கந்தக டை ஆக்சைடு காற்றில் கலந்ததும் அப்படியே இருப்பதில்லை. ரத்தம் வரை போகக்கூடிய பி.எம் 2.5 நுண்துகளாகவும் மாறும். அப்போ செலவு மிச்சமாகலை, இடம் மாறுது. கரன்ட் பில்லில் வர வேண்டியது மெடிக்கல் ஷாப் பில்லில் வருது. டெல்லி தூரம்தானே என நாம் சொல்லிக்கவும் முடியாது. அனல் மின் நிலையங்களும் ரசாயன ஆலைகளும் சூழ்ந்த எண்ணூர், மணலிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு ரொம்ப வருஷமாகவே தெரியும்.

வளர்ச்சியா, காற்றா?

`முதலில் வளர்வோம், அப்புறம் சுத்தம் செய்வோம்' என்பார்கள். சீனாவும் அப்படித்தான் இருந்தது. 2013-ல் பெய்ஜிங்கின் சராசரி பி.எம் 2.5 அளவு கன மீட்டருக்கு 89.5 மைக்ரோகிராம். அந்த வருஷம் அரசு கண்டிப்பான செயல்திட்டம் ஒன்றை அறிவித்தது. நிலக்கரியைக் குறைத்தார்கள், மோசமான ஆலைகளை மூடினார்கள். 2021-ல் அந்த அளவு 33 ஆனது. இடைப்பட்ட வருஷங்களில் சீனப் பொருளாதாரமும் வளர்ந்துகொண்டேதான் இருந்தது.

அங்கேயும் வலி இல்லாமல் இது நடக்கலை. 2017 குளிர்காலத்தில், கேஸ் இணைப்பு வந்து சேரும் முன்பே நிலக்கரிக்குத் தடை போட்டதால் வட சீன கிராமங்கள் சில குளிரில் நடுங்கின. ஆக, கேள்வி `செலவு செய்யணுமா, வேண்டாமா' என்பதல்ல. எப்படியும் யாரோ செலவு செய்யத்தான் போறாங்க. புகைபோக்கியில் ஒரு முறையா, நுரையீரலில் காலம் முழுக்கவா என்பதுதான் கேள்வி.

தோழிக்கு ரிப்ளை அனுப்பினேன்: ``அந்த லிஸ்ட்டில் இன்னொரு காலம் சேரு. `இதை யார் கட்டியிருக்கணும்?'னு தலைப்பு போடு.''

கொஞ்ச நேரம் கழித்து அவளிடமிருந்து பதில் வந்தது. ``போட்டுட்டேன். எந்த வரியிலயும் என் பேர் வரலைடி. ஆனா, இ.எம்.ஐ மட்டும் என் அக்கவுன்ட்ல இருந்துதான் போகுது!''